வியர்க்காமல் வெந்த வான்கோழி

மார்கழி மாதத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, கோயில் மண்டபத்தில் அறுபது பேர் முன்னிலையில் எழுந்து நின்று நான் ஒரு அறிவித்தல் செய்தேன்.

"இந்த முறை வான்கோழியை நான் வாட்டிக்கொண்டு வாறன்."

மண்டபம் அமைதியானது. எங்கள் பலெர்மோத் தமிழ்க் கத்தோலிக்கர் பூசையில்கூட அப்படி அமைதியாக இருந்ததில்லை. பின்வாங்கில் யாரோ ஒருவர் செபமாலையைத் தேடிய சத்தம் மட்டும் கேட்டது.

இதற்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பவர்கள் போன வருடத்து வான்கோழியைச் சாப்பிடாதவர்கள். நத்தார் அன்று, டிசெம்பர் இருபத்தைந்தில், எங்களுக்கு நத்தார் கிடையாது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டு வேலை. அன்று மதியம் நாங்கள் எங்கள் எஜமானிகளான சிஞ்ஞோராக்களின் மேசைகளைச் சுற்றிச் சுற்றிப் பரிமாறிக்கொண்டிருப்போம். ஆகவே எங்கள் நத்தார் மறுநாள், இத்தாலியர் சாந்தோ ஸ்தெபானோ என்று விடுமுறை விடும் நாளில், கோயில் மண்டபத்தில் வைத்துத்தான் வரும். போன வருடம் பங்குக் குருவானவர், இத்தாலியர், நல்ல மனிதர், எங்களுக்கு ஒரு வான்கோழி அன்பளிப்புச் செய்தார். அதை வாட்டியவர் எமிலியானா அக்கா. எங்கள் சமையல் பகுதியின் தலைவி, என் கூட்டாளி ஜோக்கிமின் மனைவி. அது வெந்ததா, வற்றலானதா என்று எங்கள் சபை இன்னும் முடிவுக்கு வரவில்லை. நான் ஒரு துண்டை வரவேற்புரையில் வாயில் வைத்தேன். நன்றியுரையில் விழுங்கினேன். இடையில் இரண்டு நடனமும் ஒரு நாடகமும் நடந்தன.

அதனால் இந்த வருடம் எமிலியானா அக்கா "ஆட்டிறைச்சிக் கறி மட்டும்" என்று அறிவித்தபோது எல்லோரும் மூச்சு விட்டார்கள். அந்த மூச்சைத்தான் நான் நிறுத்தினேன்.

ஒரேத்தோப் பகுதியில் இருக்கும் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறினோம். கதவைப் பூட்டிய பிறகுதான் என் மனைவி செலஸ்ரீனா ஆரம்பித்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு முட்டை அவிக்கத் தெரியுமோ?"

"முட்டை வேறை, வான்கோழி வேறை."

"ஓம். முட்டை சின்னன். அதுக்கே போன கிழமை சட்டி கருகினது."

"அது அடுப்பின்ரை பிழை."

"வான்கோழி ஆற்றை பிழையாய் வரப்போகுது?"

"அது வராது. எனக்கு அமெரிக்க முறை தெரியும்."

உண்மையாகவே தெரியும். கார்த்திகை மாதத்தில் என் சிஞ்ஞோராவின் அக்கா அமெரிக்காவிலிருந்து வந்து மூன்று கிழமை நின்றார். ஒருநாள் அந்த ஊர்ப் பண்டிகை என்று சொல்லி ஒரு முழு வான்கோழியை வாட்டினார். வாட்டினார் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். அவர் காலை ஒரு முக்காலியில் தூக்கிப்போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தார். வான்கோழி தன் பாட்டில் வெந்தது. முதல் நாள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். வயிற்றுக்குள் தோடம்பழம் வைத்தார். நெஞ்சு கீழே, முதுகு மேலே இருக்கக் கவிழ்த்து வைத்தார். இறுக்கி மூடினார். "இனித் திறக்காதே. திறந்து திறந்து பார்ப்பவன்தான் காயவைக்கிறவன்" என்றார். கத்தி வைத்தபோது சாறு வழிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வேலை, செய்யாமல் இருப்பதாலேயே நன்றாக வருவதைப் பார்த்தேன். இது எனக்கென்றே கண்டுபிடித்த சமையல்.

இதை எல்லாம் செலஸ்ரீனாவுக்கு விளக்கினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "பந்தயமோ?" என்றாள்.

பந்தயம் எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்காரருக்கு இந்த ஊரில் கிழமைக்கு இரண்டு ஓய்வு. ஞாயிறு முழுக்க, வியாழன் பின்னேரம். ஞாயிறு கோயிலுக்குப் போய்விடும். மிஞ்சுவது வியாழன் பின்னேரம் ஒன்றுதான். அதில் நான் ஜோக்கிமின் அறைக்குப் போய் முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடுவேன். துரும்பு கேட்கும்போதுதான் எனக்கு நான் ஒரு ஆண்பிள்ளை என்ற எண்ணம் வரும். மற்ற வேலை நாளெல்லாம் நான் சிஞ்ஞோராவின் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன். செலஸ்ரீனாவோ வியாழக்கிழமைகளில் பெல்லெக்ரினோ மலைக்குப் போகிறவள். மலை உச்சிக் குகையில் சாந்தா ரொசாலியா இருக்கிறா. இந்த ஊரின் காவல் புனிதை. எங்கள் சனத்துக்கு அவவில் பெரிய பக்தி. பேருந்து போகிறது. ஆனால் என் மனைவிக்கு அடிவாரத்திலிருந்து நடந்து ஏறினால்தான் பக்தி. அவள் எமிலியானா அக்காவோடு போவாள். நான் முழங்கால், இடுப்பு, நாரி, மூச்சு, கண் என்று ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு உறுப்பைக் காரணம் காட்டித் தப்பி வந்தேன். உறுப்புகள் முடிந்துகொண்டு வந்தன.

"என்ன பந்தயம்?" என்றேன்.

"வான்கோழி காய்ஞ்சால், நீங்கள் வியாழக்கிழமை என்னோடை மலைக்கு வரவேணும்."

"காயாமல் சாறோடை வந்தால்?"

"சீட்டு விளையாடுங்கோ. நான் வாய் திறக்கமாட்டன்."

"எண்டைக்கும்?"

"எண்டைக்கும்."

"வியாழனிலை என்னத்துக்கு நான்? அக்கா வாறாதானே."

"அக்கா வாறா. ஆனால் நான் கட்டினது அக்காவை இல்லை. கிழமைக்கு அந்தப் பின்னேரம் ஒண்டுதான் நான் உங்களைப் பகல் வெளிச்சத்திலை பாக்கலாம்."

"பகலிலையும் எனக்கு இதே முகம்தான்" என்றேன். என் நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெங்காயத்தை வெட்டினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. வெற்றி நிச்சயம் என்று தெரிந்த மனிதனுக்கு வாய் நீளம்.

"இன்னும் ஒண்டு எழுதும். நான் கஷ்டப்பட்டுச் செய்யிறேல்லை. ஒரு துளி வியர்வை எனக்கு வந்தாலும் நான் தோத்தது."

செலஸ்ரீனா கத்தியை நிறுத்தினாள். "உதையும் எழுதட்டோ?"

"வடிவாய் எழுதும்."

கோயில் நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஞாயிறு ஜோக்கிமும் எமிலியானா அக்காவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்குப் போட்ட கையெழுத்தைக்கூட நான் இவ்வளவு அழகாகப் போட்டதில்லை.

நத்தாருக்கு முதல் நாள் நானும் ஜோக்கிமும் பல்லரோச் சந்தைக்குப் போனோம். கோழிக் கடைக்காரரிடம் முழு வான்கோழிக்கு ஏற்கனவே சொல்லி வைத்திருந்தேன். அவர் என்னை இன்னும் நம்பவில்லை. இந்த ஊரில் தொடை கேட்பார்கள், நெஞ்சு கேட்பார்கள். முழுப் பறவை கேட்பவனை அவர் கண்டதில்லை.

"எத்தனை குடும்பத்துக்கு?" என்றார்.

"ஒரு சபைக்கு" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒன்பதரைக் கிலோ. சின்னதும் இருந்தது, ஆறு கிலோவில். ஆனால் வெற்றி பெறப்போகிறவன் ஆறு கிலோவில் வெற்றி பெறுவானா? பெரியதைக் கட்டச் சொன்னேன்.

தூக்கியது ஜோக்கிம். ஒப்பந்தத்தில் என் வியர்வை பற்றித்தான் எழுதியிருந்தது. ஜோக்கிமின் வியர்வை பற்றி ஒரு எழுத்தும் இல்லை. பேருந்தில் அவன் அதை மடியில் வைத்து, மேலே தன் கழுத்துச் சால்வையைப் போர்த்தியிருந்தான். பக்கத்தில் இருந்த கிழவி எட்டிப் பார்த்து, "ஆணா, பெண்ணா?" என்று கேட்டார். ஜோக்கிம் யோசித்துப் பார்த்து, "தெரியாது சிஞ்ஞோரா, தலை இல்லை" என்றான். கிழவி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

"மச்சான், நீ வெண்டால் நானும் வெண்ட மாதிரி" என்றான் ஜோக்கிம், மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டே. "எமிலியானா என்னையும் மலைக்கு இழுக்கப் பாக்கிறா. நீ தோத்தால் எங்கடை மேசையிலை மூண்டு பேர்தான். மூண்டு பேரோடை என்னெண்டு முந்நூற்றிநாலு விளையாடுறது?"

"நீ பயப்படாதை. என்னிலை பாரத்தைப் போடு."

"பாரம் இப்ப என்னிலைதான் கிடக்கு" என்றான்.

குளிரூட்டியில் வான்கோழியை வைத்ததும் மற்றச் சாமான் எல்லாம் வெளியே வந்து நின்றது. செலஸ்ரீனா பால், தயிர், மீன் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போனாள். நத்தார் அன்று இருவரும் அவரவர் சிஞ்ஞோராக்களுக்குப் பரிமாறிவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். ஊறப்போட வேண்டிய நேரம். ஒன்பதரைக் கிலோவுக்கு ஏற்ற பாத்திரம் எங்கள் குசினியில் இல்லை. ஒன்று மட்டும் இருந்தது, ஆனால் அது குசினியில் இல்லை.

"இஞ்சேருங்கோ, குளிக்கிற தொட்டியிலை என்ன மிதக்குது?"

"ஊறுது."

"நான் எங்கை குளிக்கிறது?"

"அது வெளிக்கிட்ட பிறகு."

"நாளைக்கு நத்தார் பூசை. எனக்கு முதல் வான்கோழியோ குளிக்கிறது?"

"அதுக்குத்தான் கூடக் குளிப்பு வேணும். நீர் ஏற்கனவே வடிவுதானே."

செலஸ்ரீனா என்னைப் பார்த்தாள். ஒரு மனைவி புகழ்ச்சியைக் கேட்டு மயங்கும் பார்வை அது என்று நான் எடுத்துக்கொண்டேன். மீன் கடைக்காரர் கொடுத்த ஐஸ் இரண்டு வாளியை ஜோக்கிம் கொண்டுவந்து கொட்டினான். உப்புப் பைக்கற்றை நான் வெட்டினேன். அதுவும் ஜோக்கிம்தான் கொட்டினான். நான் கதிரை போட்டு வாசலில் இருந்து மேற்பார்வை செய்தேன். கையில் ஒரு வெள்ளை லேஞ்சி. அதை விரித்து நெற்றியைத் துடைத்து மனைவிக்குக் காட்டினேன். "பாரும். காய்ஞ்சபடி."

"வடிவாய்க் கிடக்கு" என்றாள். "அதைப் பத்திரமாய் வையுங்கோ. எல்லாருக்கும் காட்ட வேணும்."

எவ்வளவு நல்ல யோசனை என்று நினைத்தேன்.

மறுநாள் விடிய, கீழ்த்தளத்துப் பேக்கரிக்குப் போனோம். எங்கள் வீட்டு அடுப்புக்குள் வான்கோழியின் ஒரு கால் மட்டும்தான் போகும். ஆனால் பேக்கரிக்காரர் தொன் பிப்போவிடம் விறகுப் போறணை இருந்தது. பண்டிகை நாளென்றால் அந்தத் தெருச் சனம் எல்லாம் தட்டுகளோடு அவரிடம் வருவது வழக்கம். அன்று அவர் எட்டு மணிக்குப் பாணை எடுத்துவிட்டுக் கடையைப் பூட்டுவார். போறணையின் சூடு மத்தியானம் தாண்டியும் இறங்கி இறங்கி நிற்கும். யாருக்கும் வேண்டாத சூடு. எனக்கு வேண்டிய சூடு.

ஜோக்கிமுக்குச் சியாகுல்லியில் ஒரு பழத்தோட்டத்தில் வேலை. அவன் கொண்டுவந்த மந்தரீனோப் பழங்களை இரண்டாய்ப் பிளந்து வயிற்றுக்குள் திணித்தான். உள்ளியும் மிளகும் ஒலிவ் எண்ணெயும் பூசினான். செலஸ்ரீனாவின் தூள் பேணியிலிருந்து நான் கேட்காமல் எடுத்து வந்த வறுத்த மிளகாய்த்தூளில் இரண்டு கரண்டியும் போட்டான். அமெரிக்க அக்கா இதைச் சொல்லவில்லை. ஆனால் மிளகாய்த்தூள் இல்லாமல் எங்கள் சனத்துக்கு முன்னால் போக எனக்குத் தைரியம் இல்லை. தொன் பிப்போவின் பெரிய மூடித் தட்டில் நெஞ்சு கீழே இருக்கக் கவிழ்த்தோம். மூடி போட்டு, மூடியின் விளிம்பைச் சுற்றித் தொன் பிப்போ பாண் மாவைக் கயிறாய் உருட்டி ஒட்டி அடைத்தார். ஈரம் வெளியே போக வழியில்லை.

"எப்போது திறப்பது?" என்றார்.

"ஒரு மணிக்கு. அதுவரை நீங்களும் திறக்கக்கூடாது, நானும் திறக்கக்கூடாது."

"நான் ஏன் திறக்கிறேன்? நான் படுக்கப் போகிறேன்" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

பத்து மணிக்குப் பூசை. உடம்பு வாங்கில் இருந்தது, மனம் போறணைக்குள் இருந்தது. வாசகம் நடந்தபோது, சூடு கூடிவிட்டதோ என்று யோசித்தேன். நற்செய்தி நடந்தபோது, சூடு போதாதோ என்று யோசித்தேன். எங்களுக்குப் பூசை வைக்கும் தமிழ்ச் சுவாமி பிரசங்கத்தில் நெருப்பு என்ற சொல்லை மூன்று தடவை சொன்னார். வியாழக்கிழமைகள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் மலை ஏறின. அப்போதுதான் நெற்றியில் ஏதோ ஊர்வதை உணர்ந்தேன்.

செலஸ்ரீனா பக்கத்தில் இருந்து மெல்லக் குனிந்தாள். "வியர்க்குதோ?"

"இல்லை. தீர்த்தம். வாசலிலை கொஞ்சம் கூட எடுத்துப்போட்டன்."

"அரை மணித்தியாலம் காயாத தீர்த்தமோ?"

"நல்ல தீர்த்தம்" என்றேன். லேஞ்சியைத் தொடவில்லை. அதைக் காய்ந்தபடி காப்பாற்றுவதற்காக என் கோட்டுக் கையால் துடைத்தேன்.

ஒரு மணிக்குத் தொன் பிப்போ நித்திரைக் கண்ணோடு போறணையைத் திறந்தார். ஜோக்கிம் தட்டைத் தூக்கினான். நாங்கள் ஊர்வலமாகப் போனோம். முன்னால் நான், பின்னால் ஜோக்கிமும் வான்கோழியும், அதற்குப் பின்னால் தன் பங்குக்காகத் தொன் பிப்போ. மண்டபத்தில் ஆட்டிறைச்சிக் கறிக்குப் பக்கத்தில் அதை இறக்கினோம். எல்லோரும் சுற்றி நின்றார்கள். சில பேர் ஏற்கனவே கறியைக் கோப்பையில் போட்டு வைத்திருந்தார்கள், ஒரு பாதுகாப்புக்கு.

மாவை உடைத்து மூடியைத் தூக்கினார்கள். மணம் எழும்பியது. மந்தரீனோவும் உள்ளியும் மிளகாய்த்தூளும் சேர்ந்த ஒரு மணம். சிறுவர்கள் நடன ஒத்திகையை விட்டுவிட்டு வந்தார்கள். தொன் பிப்போவும் ஜோக்கிமும் பறவையை வெட்டுப்பலகையில் நிமிர்த்தினார்கள்.

"கத்தியைத் தாருங்கோ" என்றார் எமிலியானா அக்கா. போன வருடத்துத் தலைவி. என் எதிரி. நெஞ்சில் கத்தியை வைத்து இறக்கினார்.

சாறு ஓடியது. பலகையில் ஓடி, மேசையில் ஓடி, அக்காவின் சேலைக் கரையில் போய் நின்றது. இறைச்சி வெள்ளையாய், மெத்தென்று, கத்தியோடு வந்தது. அக்கா ஒரு துண்டை வாயில் போட்டார். அறுபது பேரும் அவரது தாடையைப் பார்த்தோம். இரண்டு தடவைதான் அசைந்தது. விழுங்கிவிட்டார்.

"ம்" என்றார்.

எமிலியானா அக்காவின் வாயிலிருந்து அடுத்தவர் சமையலுக்கு வந்த முதல் ம் அது. மண்டபம் ஆரவாரித்தது. கோப்பையில் இருந்த கறி திரும்பச் சட்டிக்குப் போனது. சுவாமி மூன்று தடவை வாங்கினார். மூன்றாம் தடவை சேவியர் ஐயாவின் பெயரைச் சொல்லி வாங்கினார். சேவியர் ஐயா அன்று வரவேயில்லை. சாப்பிட்ட எல்லோரும் என்னைத்தான் தேடி வந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. நாட்டை விட்டு வந்த எட்டு வருடத்தில் என்னை யாரும் இப்படி வளைத்து நின்றதில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்தது.

"வலன்ரைன் அண்ணை, என்னெண்டு செய்தனீங்கள்?"

நான் கதிரையில் ஏறி நின்றேன். "நான் ஒண்டும் செய்யேல்லை."

"சொல்லுங்கோ அண்ணை."

"சத்தியமாய் ஒண்டும் செய்யேல்லை. கை வைக்கேல்லை. திறந்துகூடப் பாக்கேல்லை. வான்கோழி வேகேக்கை நான் எங்கை இருந்தனான்? கோயிலிலை. நீங்கள் எல்லாரும் கண்டனீங்கள்தானே. அது தன்ரை பாட்டிலை, தானாய் வந்தது." லேஞ்சியை எடுத்து விரித்துக் கொடி மாதிரி ஆட்டினேன். "பாருங்கோ. ஒரு துளி வியர்வை இல்லை."

கைதட்டினார்கள். ஜோக்கிம் தன் கோட்டுப் பையில் சீட்டுக் கட்டைத் தட்டிக் காட்டினான். இன்றே வியாழக்கிழமை, நாலு மணிக்கே தொடங்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

அப்போது செலஸ்ரீனா எழுந்தாள். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லையோ?"

"இல்லை."

"ஒரு கஷ்டமும் படேல்லை?"

"படேல்லை. நீரே எழுதின ஆள்தானே."

"சுவாமி, இவர் சொன்னதைக் கேட்டியளோ?"

"கேட்டனான்" என்றார் சுவாமி, வாயைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப சுவாமி, எனக்கொரு சந்தேகம். முட்டை அவிக்கத் தெரியாத மனிசன். ஒண்டும் செய்யேல்லை. கையும் வைக்கேல்லை. வான்கோழி தானாய் இப்பிடி வந்து நிக்குது. அப்ப இதைச் செய்தது ஆர்?"

சுவாமி மேசையைப் பார்த்தார். தன் கோப்பையைப் பார்த்தார். போன வருடத்தையும் நினைத்திருக்க வேண்டும். "மனிச முயற்சி இல்லாமல் நடந்தது எண்டால், அதைக் கடவுளின்ரை அற்புதம், புதுமை எண்டுதான் சொல்ல வேணும்" என்றார்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றாள் செலஸ்ரீனா. "நான் சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைச்சிருந்தனான் சுவாமி. வான்கோழி காயாமல், சபைக்கு முன்னாலை எங்கடை மானம் போகாமல் வந்தால், இவர் வியாழக்கிழமையிலை மலைக்கு நடந்து வருவார் எண்டு."

பெண்கள் பக்கத்தில் ஒருவர் விடாமல் சிலுவை போட்டார்கள். எமிலியானா அக்கா இரண்டு தடவை போட்டார்.

நான் கதிரையிலிருந்து இறங்கினேன். "இஞ்சேரும், நேர்த்தி வைச்சது நீர். ஏறுறது நானோ?"

"பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் நேர்த்தி வைக்கிறது தாய். நடக்கிறது பிள்ளைதானே. உங்கடை அம்மா வைச்ச நேர்த்திக்கு முருங்கனிலையிருந்து மடு மாதா கோயிலுக்கு நடந்தது ஆர்?"

நான்தான். ஒன்பது வயதில். இரண்டு காலும் கொப்பளித்தது. இதை நானே இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் பல தடவை சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆனாலும் நான் சளைக்கவில்லை. "சுவாமி, இது புதுமை இல்லை. நான்தான் செய்தனான். அமெரிக்க முறை. உப்புத் தண்ணியிலை ஊறப்போட வைச்சது ஆர்? நான். பல்லரோவிலை அலைஞ்சு பிடிச்சது ஆர்? நான். இரவு முழுக்க நித்திரை இல்லை. பூசையிலை எனக்கு வியர்த்து ஊத்தினது. இஞ்சை பாருங்கோ, கோட்டுக் கை இன்னும் ஈரம்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

செலஸ்ரீனா தன் கைப்பையைத் திறந்தாள். நாட்காட்டித் தாளை எடுத்து மடிப்பு விரித்தாள். "ஒரு துளி வியர்வை வந்தாலும் நான் தோத்தது. கீழை உங்கடை கையெழுத்து."

"நானும் சாட்சி" என்றார் எமிலியானா அக்கா. ஜோக்கிமைப் பார்த்தார். "இவரும்." ஜோக்கிம் சீட்டுக் கட்டிலிருந்து கையை எடுத்தான்.

"இப்ப நீங்களே சொல்லுங்கோ" என்றாள் என் மனைவி, மிகவும் அன்பாக. "கஷ்டப்பட்டனீங்களோ, படேல்லையோ? எது எண்டாலும் எனக்குச் சம்மதம்."

மண்டபம் காத்திருந்தது. கஷ்டப்பட்டேன் என்றால், பந்தயத்தில் தோற்றவனாக மலை ஏற வேண்டும். படவில்லை என்றால், புதுமை கண்டவனாக மலை ஏற வேண்டும். மலை ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் வெற்றி என்னிடம் இருக்கும். இன்றுவரை பலெர்மோவில் ஒரு தமிழனும் புதுமையாக வான்கோழி வாட்டியதில்லை. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"புதுமைதான் சுவாமி" என்றேன்.

கைதட்டல் கூரையை முட்டியது. என் கையைப் பிடித்து முத்தமிட வந்தார் ஒரு அம்மா. தொன் பிப்போவுக்கு யாரோ இத்தாலிய மொழியில் விளக்க, அவர் தன் போறணைக்கு மேலே ஒரு படம் மாட்டப்போவதாகச் சொன்னார். இவ்வளவு மரியாதையோடு தோற்றவன் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆரவாரம் அடங்கியதும் அவளிடம் மெல்லக் கேட்டேன். "எத்தினை வியாழன் எண்டு நேர்ந்தனீர்?"

"ஒரு கிலோவுக்கு ஒரு வியாழன்."

ஆறு கிலோப் பறவை ஒன்றும் அந்தக் கடையில் இருந்தது என்று உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன்.

"அப்ப ஒன்பதரை. அந்த அரையை என்ன செய்யிறது?"

"அரை மலையிலை நிண்டு திரும்புறது மரியாதை இல்லை. பத்தாய் வைப்பம்."

தை மாதம் இரண்டாம் திகதி, முதலாவது வியாழன், நாங்கள் ஏறினோம். நான் ஒவ்வொரு வளைவிலும் இருந்தேன், எழுந்தேன். செலஸ்ரீனா முன்னால் நடந்து, வழி முழுக்கக் கதைத்தாள். தன் சிஞ்ஞோராவின் பூனையைப் பற்றி, சின்ன வயதில் தான் தேவாலய மணிக்கயிற்றில் தொங்கியதைப் பற்றி. கலியாணம் கட்டி மூன்று வருடம், இந்தக் கதைகள் ஒன்றும் எனக்குத் தெரியாது. கீழே கடலும் ஊரும் வெயிலில் கிடந்தன. அவள் திரும்பிச் சிரித்தபோது, பகலில் அந்த முகம் எவ்வளவு வடிவு என்று கண்டேன். துரும்பு எனக்கு ஞாபகமே வரவில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. தோற்ற கட்சி எல்லாவற்றையும் சொல்லக்கூடாது.

குகைக்குள் முழந்தாளில் இருந்து கணக்குப் பார்த்தேன். பத்தாவது வியாழன் பங்குனி ஆறாம் திகதி. வெளியே வந்ததும் நெஞ்சை நிமிர்த்தி அவளுக்கு அறிவித்தேன்.

"பங்குனி ஆறோடை நேர்த்தி முடியும். ஏழாம் திகதியிலையிருந்து நான் சுதந்திர மனிசன்."

செலஸ்ரீனா முக்காட்டை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"உயிர்த்த ஞாயிற்றுப் பாஸ்காவுக்கு ஆட்டுக்குட்டியும் நீங்கள்தான் எண்டு சுவாமியிட்டைச் சொல்லிப்போட்டன், அது எத்தினை கிலோவிலை வாங்குவம்?"